‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’: என்.டபிள்யூ.ஏ. கதையில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை?

இசைப்பித்தன்:

2015-இல் வந்த படத்தை நான் போன வாரம்தான் பார்த்தேன். 147 நிமிடம். முடிந்ததும் எழுந்திருக்க மனம் வரவில்லை. முதல் அரை மணி நேரத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் இசைக்குழுவின் பெயர் விரிவை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. கறுப்பர்களை இழிவுபடுத்த வெள்ளையர் பயன்படுத்திய சொல்லையே எடுத்துத் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஈஸி-ஈ, டாக்டர் டிரே, ஐஸ் கியூப், எம்.சி. ரென், டிஜே யெல்லா. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே இருக்கும் காம்ப்டன் என்ற சிறு நகரின் பெயரை ஊரறியச் செய்தவர்கள்.

படம் 1986-இல் தொடங்குகிறது. போதைப்பொருள் விற்கும் ஒரு வீட்டுக்குப் பணம் கேட்கப் போகிறார் ஈஸி-ஈ. பேச்சு முற்றும் நேரத்தில் தெருவில் போலீஸ் கவச வண்டி வந்து நிற்கிறது. அதன் முன்னால் நீண்டிருக்கும் இரும்புத் தூண் வீட்டை இடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. ஈஸி கூரை கூரையாகத் தாவித் தப்புகிறார். ஒரு ஊரின் மீது போலீஸ் எப்படிப் பாய்ந்தது என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே உடம்பில் உணர்ந்துவிடுகிறோம்.

பிறகு டாரன்ஸ் என்ற ஊரில் நடக்கும் காட்சி. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வெளியே சும்மா நின்ற இளைஞர்களைப் போலீஸார் தரையில் படுக்க வைக்கிறார்கள். மேலாளர் ஜெர்ரி ஹெல்லர் ஓடி வந்து, இவர்கள் கலைஞர்கள் என்று கத்துகிறார். யாரும் காதில் வாங்கவில்லை. அந்த அவமானத்திலிருந்து போலீஸுக்கு எதிரான அவர்களுடைய பாட்டு பிறக்கிறது. அந்த இடத்தில் என் கை நடுங்கியது என்று சொன்னால் நம்புங்கள்.

கெட்ட வார்த்தை, துப்பாக்கி, போதை என்று எதையும் மறைக்காமல் சொன்ன படம். இசைக்கலைஞர்களின் வாழ்க்கைப் படங்களில் இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எழுதுங்கள்.

ஒலிப்பதிவன்:

இருபது ஆண்டுகளாக ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். படத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம், ஈஸி-ஈ முதல் பாட்டைப் பதிவு செய்யும் காட்சி.

கியூப் எழுதிய பாட்டு. நியூயார்க்கிலிருந்து வந்த குழு ஒன்று பாடவேண்டியது. ‘இது எங்கள் ஊர்ப் பேச்சே இல்லை’ என்று அவர்கள் மறுத்துவிட, டிரே ஈஸியைப் பார்த்து நீயே பாடு என்கிறார். ஈஸி பாடகரே கிடையாது. பணம் போட வந்தவர். தாளத்தில் நிற்கத் தெரியவில்லை. டிரே விடவில்லை; ஒரு வரி பாடச் சொல்கிறார், நிறுத்துகிறார், திரும்பவும் அதே வரி, பிறகு அடுத்தது. அப்படியே வரி வரியாகக் கட்டிய பாட்டு அது. உண்மையிலும் அப்படித்தான் நடந்தது.

இன்று கணினியில் வெட்டி ஒட்டிவிடுகிறோம். அன்று டேப். சரியான இடத்தில் பதிவுப் பொத்தானை அழுத்தி, சரியான இடத்தில் கையை எடுக்கவேண்டும். அரை நொடி பிந்தினால் முன்பு நன்றாக வந்த வரியும் அழிந்துபோகும். டிரேயின் காது எப்படிப்பட்டது என்பது அந்த ஒரு காட்சியில் தெரிகிறது. தாளம் தெரியாத ஒருவரின் கீச்சுக் குரலில் ஒரு ஊரின் குரல் இருக்கிறது என்று கண்டுபிடித்த காது அது.

நிலவழகி:

இசைப்பித்தன், ‘எதையும் மறைக்காமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

டீ பார்ன்ஸ் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘பம்ப் இட் அப்’ என்ற ஹிப்-ஹாப் நிகழ்ச்சியை நடத்தியவர். 1990-இன் இறுதியில் என்.டபிள்யூ.ஏ. குழுவைப் பேட்டி எடுத்தார். கியூப் அதற்குள் பிரிந்து போயிருந்தார். ஒளிபரப்பில் குழுவின் பேச்சோடு கியூப் அவர்களைக் கேலி செய்த பகுதியையும் சேர்த்துவிட்டார்கள். குழுவுக்குக் கோபம். 1991 ஜனவரி 27 அன்று ஹாலிவுட்டில் ஓர் இரவு விடுதியில் டாக்டர் டிரே டீ பார்ன்ஸை அடித்தார். சுவரில் மோதினார், பெண்கள் கழிவறைக்குள் ஓடியவரைத் துரத்திக்கொண்டு போய் அடித்தார் என்று பார்ன்ஸ் கூறினார். நீதிமன்றத்தில் டிரே குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை. 2,500 டாலர் அபராதம், 240 மணி நேரச் சமூக சேவை, இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. உரிமையியல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது.

இதில் ஒரு நொடி கூடப் படத்தில் இல்லை. டிரேயோடு வாழ்ந்து அவருக்கு ஒரு மகனைப் பெற்ற பாடகி மிஷெலேயும் இல்லை. அவர்கள் நிறுவனத்திலேயே பாடியவர் அவர். அடிபட்டதைப் பற்றிப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

போலீஸின் தடியைப் பார்த்து உங்கள் கை நடுங்கியது. எனக்கும் நடுங்கியது. ஆனால் அந்தத் தடிக்குக் கீழே கிடந்தவர்களில் ஒருவர் பிறகு ஒரு பெண்ணை என்ன செய்தார் என்பதைத் தெரிந்துகொண்டே பார்த்த எனக்கு, படத்தின் பின்பாதியில் மூச்சு முட்டியது.

இசைப்பித்தன்:

நிலவழகி, டீ பார்ன்ஸ் பற்றி எனக்குத் தெரியாது. படித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். செய்தது கொடுமை. அதில் இரண்டு பேச்சு இல்லை.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இது டிரேயின் வாழ்க்கை வரலாறு கிடையாது, ஒரு குழுவின் வரலாறு. பத்து ஆண்டுகளை இரண்டரை மணி நேரத்தில் அடக்க வேண்டியிருக்கிறது. ஐந்து பேர், மேலாளர், மரணங்கள், வழக்குகள், கலவரம். ஒவ்வொருவரின் தனிப்பட்ட குற்றத்தையும் சேர்த்தால் படம் தாங்குமா? இயக்குநர் எஃப். கேரி கிரேயும் கிட்டத்தட்ட இதையே சொன்னதாகப் படித்தேன்.

நிலவழகி:

தனிப்பட்ட குற்றம் என்று ஒதுக்க முடியாது என்பதுதான் என் வாதம். காலத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1989 டிசம்பரில் கியூப் வெளியேறுகிறார். 1990-இல் குழு ஒரு பாட்டில் அவரைத் துரோகி என்கிறது. 1991-இல் கியூப் பெயர் சொல்லித் திட்டி ஒரு பாட்டு வெளியிடுகிறார். இந்தச் சண்டையைப் படம் எவ்வளவு ரசித்துக் காட்டுகிறது! ஒரு பக்கம் கேட்டுக் கொதிக்கிறார்கள், மறுபக்கம் கியூப் பாடுகிறார். திரையரங்கில் கைதட்டல் வாங்கக்கூடிய பகுதி. டீ பார்ன்ஸ் அடிவாங்கியது இதே சண்டையின் நட்டநடுவில். ஆண்கள் பாட்டால் அடித்துக்கொண்டது படத்தில் இருக்கிறது. அந்தச் சண்டையில் உண்மையாகவே சுவரில் மோதப்பட்ட ஒரே உடம்பு படத்தில் இல்லை. குழு அப்போது கலையவும் இல்லை. அதே ஆண்டில் அவர்களுடைய புதிய ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

நேரம் போதவில்லை என்றால் ஓட்டல் காட்சிக்கு எப்படி நேரம் வந்தது? ஒரு பெண்ணைத் தேடி அவளுடைய காதலன் கதவைத் தட்டுகிறான். இவர்கள் துப்பாக்கிகளோடு அவனை விரட்டுகிறார்கள். ஆடையில்லாத அந்தப் பெண்ணைக் கியூப் நடைபாதையில் தள்ளி, பெயர் சொல்லி வழியனுப்பிக் கதவைச் சாத்துகிறார். அந்த வசனம் கியூப் எழுதி கிரே இயக்கிய ‘ஃப்ரைடே’ என்ற 1995-ஆம் ஆண்டுப் படத்திலிருந்து வந்தது. 1989-இல் நடக்கும் காட்சிக்குள் அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ரசிகர்கள் அடையாளம் கண்டு சிரிக்கவேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணை நிர்வாணமாக வெளியே தள்ள நேரம் இருந்திருக்கிறது.

படப்பிடிப்புக்குத் துணை நடிகைகளைத் தேடிய விளம்பரம் 2014-இல் எப்படிப்பட்ட கண்டனத்தைச் சந்தித்தது தெரியுமா? பெண்களை நான்கு தரமாகப் பிரித்து, கறுப்பு நிறம் கூடக்கூட தரம் இறங்குவதாக எழுதியிருந்தார்கள். அந்த முகமை மன்னிப்புக் கேட்டது. படநிறுவனம் தனக்குத் தொடர்பில்லை என்றது. கறுப்பர்களின் தன்மானத்தைப் பற்றிய ஒரு படத்துக்கு ஆள் எடுத்த லட்சணம் இது.

மேற்குக்கரை:

நான் 1988-இல் வேலைக்காக லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக்கு வந்தவன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இந்தப் பாட்டுகளைக் கேட்டதில்லை. கார் ஜன்னல்களிலிருந்து அதிர்ந்து வரும் சத்தமாக மட்டுமே தெரியும். ஆனால் அந்தக் காற்றைச் சுவாசித்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த கறுப்பின நண்பர் ஒருவர் தினமும் கழுத்துப்பட்டை கட்டி வருவார். வார இறுதியில்கூட வெளியே காரெடுத்தால் அதைக் கட்டிக்கொள்வேன் என்றார். போலீஸ் நிறுத்தினால் முதல் பார்வையில் அதைப் பார்க்கட்டும் என்று. அதற்குப் பிறகும் பலமுறை நடைபாதை ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். நான்கு தெரு தள்ளிக் குடியிருந்த என்னை ஒருவரும் நிறுத்தியதில்லை.

படத்தில் ஒரு விஷயம் குழம்பிக் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் வரும் இடிகம்ப வண்டி லாஸ் ஏஞ்சலஸ் போலீஸுக்குப் பெயர்பெற்றது. தலைவர் டேரில் கேட்ஸ் காலத்தில், 1985-இல் இறக்கியது. காம்ப்டன் தனி நகராட்சி. அதற்குத் தனிப் போலீஸ் இருந்தது, அதில் கறுப்பின அதிகாரிகள் பலர். 2000-இல்தான் அதைக் கலைத்து மாவட்ட ஷெரிஃப் கையில் கொடுத்தார்கள். டாரன்ஸ் வேறு ஊர், வேறு போலீஸ். படம் எல்லாவற்றையும் ஒரே சீருடையாக ஆக்கிவிடுகிறது. அடிவாங்கியவனுக்கு எல்லாச் சீருடையும் ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். டாரன்ஸ் காட்சியில் ஒரு கறுப்பின அதிகாரியும் இருப்பதைக் கவனித்தீர்களா? பாட்டிலும் கறுப்பினப் போலீஸைப் பற்றித் தனியாக வரிகள் உண்டு. அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். நல்ல முடிவு.

கியூப் காம்ப்டன்காரரே இல்லை. லாஸ் ஏஞ்சலஸின் சவுத் சென்ட்ரல் பகுதி. பள்ளிக்கு சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு வரை பஸ்ஸில் போய் வந்தவர். வெள்ளையர்கள் வாழும் அந்த வசதியான பகுதியையும் தன் தெருவையும் ஒரே நாளில் இரண்டு முறை பார்த்த கண் அது. அவர் வரிகளில் இருக்கும் கூர்மைக்கு அந்த பஸ் பயணம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1992 ஏப்ரல் 29. ராட்னி கிங் என்ற கறுப்பின வாகன ஓட்டியை அடித்த நான்கு போலீஸாரை சிமி வேலியில் ஜூரிகள் விடுவித்த நாள். மாலையில் வீடு திரும்பும்போது வடக்கே புகை. இரவில் சாம்பல் எங்கள் மாடிப்படியில் படிந்திருந்தது. ஊரடங்கு போட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படத்தில் அந்தக் கலவரம் வருகிறது. பகைக் கும்பல்கள் இரண்டின் அடையாளமான சிவப்புக் கைக்குட்டையும் நீலக் கைக்குட்டையும் ஒன்றாக முடிச்சிட்டு இரு கும்பல்களும் சேர்ந்து நடக்கும் ஒரு கணம் இருக்கிறது. அதைப் பார்த்தபோது அழுதேன்.

ஆனால் நிலவழகி எழுதியதைப் படித்த பிறகு எனக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்தது. லடாஷா ஹார்லின்ஸ். பதினைந்து வயதுச் சிறுமி. ராட்னி கிங் அடிபட்டு இரண்டு வாரத்துக்குள், 1991 மார்ச் 16 அன்று, ஒரு பழச்சாறுப் புட்டிக்காக எழுந்த தகராறில் கடைக்காரப் பெண்மணி அவளைத் தலையின் பின்புறம் சுட்டுக் கொன்றார். குற்றம் நிரூபணமானது, சிறைத்தண்டனை கிடையாது என்று நீதிபதி விட்டுவிட்டார். அந்த ஊரில் 1992-இல் எரிந்த கோபத்தில் பாதி அந்தச் சிறுமிக்கானது. இன்றைக்குக் கலவரம் என்றால் எல்லோரும் கிங் பெயரைச் சொல்கிறோம். படமும் அப்படித்தான்.

புதியவன்:

எஃப்.பி.ஐ. கடிதம் அனுப்பியதும், டெட்ராய்ட் மேடையில் போலீஸ் பாய்ந்ததும் உண்மையா, சினிமாவுக்காகச் சேர்த்ததா? யாராவது சொல்லுங்கள்.

திரைநோக்கு:

இரண்டும் நடந்தவை. ஆனால் படத்தில் பார்ப்பது போல நடக்கவில்லை.

கடிதம்: 1989 ஆகஸ்ட் 1 தேதியிட்டது. எஃப்.பி.ஐ.யின் மக்கள் தொடர்புப் பிரிவைச் சேர்ந்த மில்ட் அலரிச் கையெழுத்திட்டு, இந்தப் படத்துக்குப் பெயர் தந்த அவர்கள் ஆல்பத்தை விநியோகித்த பிரையாரிட்டி ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பினார். அந்தப் போலீஸ் எதிர்ப்புப் பாட்டின் பெயரைச் சொல்லாமல், போலீஸ் மீது வன்முறையைத் தூண்டுகிறது என்று எழுதி, 1988-இல் 78 அதிகாரிகள் பணியின்போது கொல்லப்பட்டார்கள் என்று சேர்த்திருந்தார். தடையுத்தரவு ஒன்றும் இல்லை. சட்டப்படி அவரால் எதையும் தடுக்க முடியாது. அரசின் முத்திரை போட்ட தாளில் ஒரு கலைஞனுக்கு இப்படி ஒரு கடிதம் வருவதே மிரட்டல் இல்லையா என்று குடிமை உரிமை அமைப்புகள் கேட்டன. விளைவு நேர்மாறாக முடிந்தது. வானொலி தொடாத பாட்டை அந்தக் கடிதம் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே ஆல்பத்தை 2017-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாத்தது.

டெட்ராய்ட்: 1989 ஆகஸ்ட் 6, ஜோ லூயிஸ் அரங்கம். அந்தப் பாட்டைப் பாடமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் மேடை ஏறினார்கள். கூட்டம் கேட்டுக்கொண்டே இருந்தது. தொடங்கினார்கள். சில வரிகளுக்குள் பட்டாசு போன்ற வெடிச்சத்தம், போலீஸார் மேடையை நோக்கி ஓட, இவர்கள் சிதறிவிட்டார்கள். பிறகு ஓட்டலில் மடக்கிப் பிடித்து, அறிவுரை சொல்லி விட்டுவிட்டார்கள். படத்தில் அரங்கத்துக்கு வெளியே கூட்டத்தின் கண்முன்னே வண்டியில் ஏற்றுகிறார்கள், தெருவே பொங்குகிறது.

திரைக்கதைக்கு இந்த மாற்றம் தேவைப்பட்டிருக்கலாம். எனக்கு உறுத்துவது திசை. அவர்களைப் பெரிதாக்கும் பக்கம் நடக்காததையும் சேர்க்கிறார்கள். அவர்களைச் சிறிதாக்கும் பக்கம் நீதிமன்றம் வரை போனதையும் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே திசையில் சாய்வதைத் தற்செயல் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

கணக்கர்:

தயாரிப்பாளர் பட்டியலைப் படியுங்கள், பதில் அங்கே இருக்கிறது. ஐஸ் கியூப். டாக்டர் டிரே. ஈஸி-ஈயின் மனைவி டோமிகா வுட்ஸ்-ரைட். இயக்குநர் கிரே. கியூப் வேடத்தில் நடித்தவர் கியூபின் சொந்த மகன்.

பாட்டின் உரிமை இவர்கள் கையில். பாட்டு இல்லாமல் இந்தப் படத்தை எடுக்க முடியாது. ஆகவே இவர்கள் சம்மதம் இல்லாமல் எந்த நிறுவனமும் தொட முடியாது. இசைக்கலைஞர்களின் வாழ்க்கைப் படங்கள் பலவும் இப்படித்தான் உருவாகின்றன. உரிமை வைத்திருப்பவர்கள் திரைக்கதையைப் படித்து ஒப்புதல் தருகிறார்கள். அந்த ஒப்புதலின் விலை என்ன என்பது படத்தில் இல்லாதவர்களைப் பார்த்தால் தெரியும். பார்ன்ஸ் சம்பவம் முந்தைய திரைக்கதைப் பிரதி ஒன்றில் இருந்ததாக 2015-இலேயே செய்தி வந்தது. எழுதப்பட்டு, பிறகு எடுக்கப்பட்டிருக்கிறது. நேரம் போதவில்லை என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

என் தொழில் கணக்கு என்பதால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒப்பந்தக் காட்சிதான். கியூப் முன்னால் ஹெல்லர் 75,000 டாலர் காசோலையை வைக்கிறார். கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்ளலாம். கியூப் வக்கீலிடம் காட்டவேண்டும் என்கிறார். மற்றவர்கள் போட்டுவிடுகிறார்கள். ஆல்பத்தின் வரிகளில் கிட்டத்தட்டப் பாதியை எழுதிய இருபது வயது இளைஞன், சுற்றுப்பயணம் முழுவதும் அரங்கம் நிறைவதைப் பார்த்துவிட்டு, என் ராயல்டி கணக்கு எங்கே என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் வராமல்தான் குழு உடைந்தது. போலீஸாலும் எஃப்.பி.ஐ.யாலும் உடைக்க முடியாததை ஒரு கணக்குப் புத்தகம் உடைத்தது. இதைப் படம் தெளிவாகச் சொல்கிறது.

அதே நேரம் ஹெல்லர் முழு வில்லனாகிறார். அவர் 2015 அக்டோபரில் 11 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். 2016-இல் நீதிமன்றம் பெரும்பகுதியைத் தள்ளியது, அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார். அவர் யோக்கியரா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தயாரிப்பாளர் நாற்காலியில் அவருக்கு இடமில்லை. டீ பார்ன்ஸுக்கும் இல்லை.

ஒலிப்பதிவன்:

ராயல்டி என்று கணக்கர் தொடங்கியதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆல்பத்தின் பெயரைக் கொண்ட பாட்டில் பின்னால் ஓடும் டிரம்ஸ் யாருடையது தெரியுமா? தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969-இல் வெளியிட்ட பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சில நொடித் தனித்தாளம். உலகத்தில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட துண்டுகளில் ஒன்று. கோல்மனுக்கு அதற்காக ஒரு காசும் வரவில்லை. 2006-இல் வீடில்லாமல் இறந்தார். உழைப்பைத் திருடிவிட்டார்கள் என்று பாடிய பாட்டுகளுக்கு அடியிலும் கூலி கிடைக்காத ஒருவரின் கை ஓடிக்கொண்டிருக்கிறது. இதை யோசித்தால் எனக்கு அந்தப் பாட்டை முன்பு போலக் கேட்க முடிவதில்லை.

நிலவழகி:

ஒலிப்பதிவன், உங்களுக்கு ஜே.ஜே. ஃபேட் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

என்.டபிள்யூ.ஏ.வின் பாட்டுகளை வெளியிட்ட ரூத்லெஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ஈஸியின் பணத்திலும் ஹெல்லரின் தொடர்பிலும் வளர்ந்தது போலப் படம் சொல்கிறது. 1988-இல் அந்த நிறுவனத்துக்குப் பெரிய வெற்றியைத் தேடித்தந்தவர்களில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஜே.ஜே. ஃபேட் குழுவின் ‘சூப்பர்சோனிக்’. நடனமாட வைக்கும் சுத்தமான பாட்டு, வானொலி தயங்காமல் போட்டது. ராப் இசைக்குக் கிராமி விருது முதன்முறை 1989-இல் வழங்கப்பட்டபோது பரிந்துரைப் பட்டியலில் அந்தப் பெண்கள் இருந்தார்கள். இசையமைத்தவர்களில் டிரேயும் யெல்லாவும் அரேபியன் பிரின்ஸும் உண்டு.

படத்தில் அந்தப் பெண்கள் எங்கே? அரேபியன் பிரின்ஸும் இல்லை, அவர் என்.டபிள்யூ.ஏ.வின் தொடக்க கால உறுப்பினர். ரென், யெல்லா இருவரும் ஓரத்தில் நிற்கிறார்கள். பெண்கள் அடிவாங்கிய கதையை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் ஜெயித்த கதையையும் விட்டுவிட்டார்கள். எனக்கு இது இன்னும் வலிக்கிறது.

புதியவன்:

டிரே பிறகு எதுவும் சொல்லவில்லையா?

நிலவழகி:

சொன்னார். 1991-இல் ஒரு பத்திரிகையிடம் அதைப் பெரிய விஷயமே இல்லை என்பது போலப் பேசியவர், 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் மூலம், தான் காயப்படுத்திய பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். படம் வெளியான அடுத்த வாரம். அதற்குச் சில நாள் முன்புதான் டீ பார்ன்ஸ் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். டிரே அப்போது ஆப்பிள் நிறுவனத்தோடு இணைந்திருந்தார், அந்த நிறுவனமும் ஓர் அறிக்கை விட்டது. 2017-இல் அவரைப் பற்றிய ஆவணத் தொடரில் பார்ன்ஸையே பேச வைத்தார்கள், டிரேயும் வருத்தம் தெரிவித்தார்.

அந்தக் கட்டுரையில் பார்ன்ஸ் சொன்னதில் இரண்டு விஷயம் என்னை விட்டுப் போகவில்லை. ஒன்று, தான் அடிவாங்குவதைத் திரையில் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. அப்படி ஒன்று நடந்தது என்பதாவது படத்தில் இருந்திருக்கவேண்டும் என்கிறார். இரண்டாவது: எல்லாவற்றையும் தொடங்கி வைத்த அந்தப் பேட்டியில் கியூபைப் படம்பிடித்த கேமரா எஃப். கேரி கிரேயின் கையில் இருந்தது. அவர் அப்போது ‘பம்ப் இட் அப்’ நிகழ்ச்சியின் ஒளிப்பதிவாளர்.

மேற்குக்கரை:

இயக்குநரே சாட்சியா? இது எனக்குத் தெரியாது, அம்மா. இத்தனை ஆண்டு அந்த ஊரில் இருந்தும் தெரியாது.

திரைநோக்கு:

ஒரு பக்கமாகவே போய்விடக்கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். ஈஸி-ஈயின் கடைசி நாட்களை எடுத்த விதத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1995-இல் எய்ட்ஸ் என்றால் ஒரு ராப் பாடகர் சொல்லிக்கொள்ளக்கூடிய நோயா? மருத்துவர் சொன்னதும் நான் ஓரினச் சேர்க்கையாளன் இல்லையே என்று கோபப்படுகிறார். அந்தக் காலத்து அறியாமையையும் பயத்தையும் அந்த ஒரு வாக்கியம் காட்டிவிடுகிறது. மார்ச் 16 அன்று நோயை உலகுக்கு அறிவித்தார், 26 அன்று இறந்தார். வயது 30. ஜேசன் மிட்செல் அந்த வேடத்தில் நடித்ததற்கு ஆஸ்கர் பரிந்துரை வந்திருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பரிந்துரை வந்தது திரைக்கதைக்கு மட்டும். அதை எழுதிய நால்வரும் வெள்ளையர்கள். கறுப்பர்கள் எடுத்த, கறுப்பர்கள் நடித்த படத்துக்கு.

படத்தை ஒதுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உலக அளவில் 20 கோடி டாலர் வசூலித்த படம் இது. இத்தனை கறுப்பு முகங்களை வைத்து எடுத்தால் வெளிநாட்டில் ஓடாது என்று ஸ்டூடியோக்கள் சொல்லிவந்த சாக்கை அடித்து நொறுக்கியது. அதற்கு மதிப்பு உண்டு.

இசைப்பித்தன்:

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு படத்தை மறுபடியும் முழுதாகப் பார்த்தேன்.

டாரன்ஸ் காட்சி அப்படியே இருக்கிறது. கை இப்போதும் நடுங்கியது. அதை யாரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை, நிலவழகியும் எடுக்கச் சொல்லவில்லை. ஓட்டல் காட்சியில் முதல் தடவை நான் சிரித்திருந்தேன். இந்தத் தடவை அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். காட்சி அவளை உடனே மறந்துவிட்டு உள்ளே போய்விடுகிறது.

‘எதையும் மறைக்காமல்’ என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘இவ்வளவு நேர்மையான படம்’ என்றதையும். குழுவின் வரலாறு, தனிமனிதர் வரலாறு என்று நான் பிரித்ததும் தவறு. கணக்கர் சொன்ன ஒப்பந்தக் காட்சியில் கியூப் கேட்பது என்ன? நான் உழைத்தது உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறது என்பதுதானே. ஜே.ஜே. ஃபேட் பெண்கள் இந்தப் படத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

ஒரு காட்சி போதுமாக இருந்திருக்கும் என்று இரவெல்லாம் தோன்றியது. அடி வேண்டாம், ரத்தம் வேண்டாம். கியூபும் குழுவும் மாறி மாறித் திட்டிக்கொள்ளும் அந்தப் பகுதியில், நடுவே ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பு. திரையில் டீ பார்ன்ஸ் சிரித்தபடி பேட்டி எடுக்கிறார். அறைக்குள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் டிரேயின் முகம் மாறுகிறது. அவ்வளவுதான். தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும், தெரியாதவர்கள் தேடியிருப்பார்கள். அதை எடுக்க கிரேயை விடத் தகுதியான ஆள் உலகத்தில் யார்? அன்றைக்கு அங்கே கேமரா பிடித்திருந்தவர் அவர்.

ஒலிப்பதிவன், ‘சூப்பர்சோனிக்’ பாட்டின் நல்ல ஒலித்தரப் பதிவு எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். இணையத்தில் கிடைத்ததைக் கேட்டேன், அடித்தளம் மங்கலாக இருக்கிறது.

ஒலிப்பதிவன்:

பழைய பன்னிரண்டு அங்குல இசைத்தட்டிலிருந்து எடுத்த பிரதி என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு வாருங்கள், பெரிய ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கலாம். நிலவழகியும் ஊரில் இருந்தால் வரட்டும்.